எச்-இன்டெக்ஸ் 41 என்றால் நல்ல கைடா?

சார், நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்குக் கணக்குக் கேள்வி. மகளுக்கு பெங்களூரில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. கைடாக வரப்போகிறவர் பாதி வேதியியல், பாதி உயிரியல் என்று இரண்டிலும் கால் வைத்திருப்பவர். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வரும் மேற்கோள்களையும் எண்ணிக் காட்டுகிற தளங்கள் இரண்டில், கூகுள் ஸ்காலரில் அவருடைய எச்-இன்டெக்ஸ் 41, ஸ்கோபஸில் 29. உங்கள் மச்சினர் மகன் டெல்லியில் சேர்ந்திருக்கும் கைடுக்கு 68. இதில் எந்த எண் உண்மை, இவர் பெரிய ஆளா சுமாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அஞ்சு வருஷம் நம்பி அனுப்பலாமா?" என்று, அதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதல் பாதிக்கு என்னால் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாம் பாதிக்கு அந்த எண்களில் விடை இல்லை. அதே கூகுள் ஸ்காலர் பக்கத்தில் சற்றுக் கீழே கொஞ்சம் இருக்கிறது.

நான் விஞ்ஞானி இல்லை. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நூலகத் துறைக்கு வந்து, பெங்களூரில் பெல்லாரி ரோடு பக்கம் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவள். "மேடம், நாளைக்கு கமிட்டி, சைட்டேஷன் ரிப்போர்ட் இன்னிக்கே வேணும்" என்று வருகிறவர்களுக்கு அந்த மேற்கோள் கணக்கை எடுத்துக் கொடுத்துத்தான் என் தலை நரைத்தது. ஒருவருடைய பரிசோதனை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்த எண் எந்த அடுப்பில், எந்தப் பாத்திரத்தில் வேகிறது என்று தெரியும். நூலகத்தில் எதையும் எண்ணிப் பார்க்கலாம் என்று 1948-லேயே 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைத்துப் பேசியவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கடைசிக் காலத்தில் இதே பெங்களூரில் இருந்து, 1962-இல் இங்கே ஒரு பயிற்சி மையத்தையும் தொடங்கி வைத்தார். எண்ணுவதில் தப்பே இல்லை என்று நம்புகிற பரம்பரை எங்களுடையது. எதை எண்ணினோம் என்பதை மறப்பதுதான் தப்பு.

முதலில் எச்-இன்டெக்ஸ். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சொன்ன யோசனை இது. ஒருவரிடம் ஒன்பது கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை 120, 44, 30, 12, 9, 6, 6, 3, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்குங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், சரி. ஏழாவதற்கும் 6தான், 7 வேண்டும், இல்லை. அங்கே நிறுத்துங்கள். அவருடைய எச்-இன்டெக்ஸ் 6. முதல் கட்டுரையின் 120 நாளைக்கு 12,000 ஆனாலும் இந்த 6 அசையாது. இதுதான் அதன் பலம், இதுதான் பலவீனம். ஒரே ஒரு கட்டுரையால் பெயர் வாங்கியவரை அது அமுக்கிவிடும். பல வருஷம் விடாமல் சுமாராக எழுதியவரைத் தூக்கிவிடும். இன்னொன்று, இது ஏறும், இறங்காது. ஆள் ரிட்டையர் ஆகி பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் 35 வருஷ சர்வீஸ் உள்ளவரின் 68-ஐயும் 15 வருஷக்காரரின் 41-ஐயும் பக்கத்தில் வைப்பது, அப்பா பிள்ளை இருவரின் பி.எஃப். கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது மாதிரி.

41, 29 இரண்டுமே பொய்யில்லை. ஸ்கோபஸ் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஜர்னல்களுக்குள்ளும் சில புத்தகங்கள், கருத்தரங்கத் தொகுப்புகளுக்குள்ளும் மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் வலை வீசினால் தீசிஸ், ஜர்னலில் வருவதற்கு முன்பே வெளியிடுகிற பிரிப்ரின்ட், கல்லூரி ஆண்டு மலர், யாரோ தன் வெப்சைட்டில் ஏற்றி வைத்த பி.டி.எஃப். எல்லாம் சேர்ந்து வரும். மார்க்கெட்டில் எடை போட்டு வாங்குவதற்கும் தோட்டத்தில் கூடையோடு அள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். ஸ்காலரில் எண் பெரிதாக இருப்பதுதான் வழக்கம், இப்படி நாற்பது சதவீதம் கூடுதலாக இருந்தாலும் பதற வேண்டியதில்லை. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்றாவது கணக்குப்பிள்ளையும் உண்டு. 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸின் வாரிசு அது. அதில் பார்த்தால் உங்கள் பேராசிரியருக்கு இன்னொரு எண் வரும். ஒரே ஆளின் இரண்டு காலங்களையோ, இரண்டு ஆட்களையோ ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தராசில் வையுங்கள். டெல்லிக்காரரின் 68 எந்தத் தராசில் நிறுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. மச்சினர் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் யூகம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். பெயர். ராமசாமி மகன் செந்தில்குமார், ஊரில் ஆர். செந்தில்குமார். வெள்ளைக்காரன் போட்ட ஃபாரத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். ஒரு பேப்பரில் அவர் செந்தில்குமார் ஆர். என்று வருவார். பெயரை இரண்டாகப் பிரித்து எழுதிய இன்னொன்றில் குமார் ஆர்.எஸ். ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்த பிறகு வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பேப்பரில் ராமசாமி எஸ். என்று அப்பா பெயரில் அச்சாகியிருக்கும். பாவம், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அந்த அப்பாவுக்கு ஸ்கோபஸில் எச்-இன்டெக்ஸ் 4 இருக்கும். சிரிப்பாக இருக்கிறதா? எங்கள் நிறுவனம் இல்லை, வேறோர் இடத்துப் பதவி உயர்வுக் கமிட்டிக்காக ஒரு பெண் விஞ்ஞானியின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். 14 என்று வந்தது, அப்படியே பிரின்ட் எடுத்து அனுப்பிவிட்டேன். அவர் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலோடும் பிறகு கணவரின் இனிஷியலோடும் எழுதியிருக்கிறார் என்பதும், இன்னொரு பக்கத்தில் அவருடைய பழைய பேப்பர்கள் அனாதையாகக் கிடக்கின்றன என்பதும் இரண்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது. சேர்த்து எண்ணினால் 19. அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அந்த ஐந்துதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து பெயரை நாலு விதமாக எழுதித் தேடாமல் ஒரு ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதற்கு நேர்மாறும் நடக்கும். கூகுள் ஸ்காலர் தானாகவே கட்டுரைகளைச் சேர்க்க அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோன ஒரு உயிர்வேதியியல்காரரின் பக்கத்தில், கான்கிரீட்டின் உறுதி பற்றிய பேப்பர்கள் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பொருத்தம். ஆகவே முதல் வேலையாக உங்கள் பேராசிரியரின் பட்டியலை முழுக்கக் கீழே வரை உருட்டிப் பாருங்கள். தலைப்புகள் ஒரே ஆளுடையவை போல இருக்கின்றனவா என்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, உயிரியலும் வேதியியலும் கலந்திருப்பது. இங்கேதான் உங்கள் கேள்வி உண்மையிலேயே கஷ்டமானது. மேற்கோள் என்பது ஊருக்கு ஊர் மாறும் வழக்கம். மூலக்கூறு உயிரியலில் கூட்டம் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஐம்பது அறுபது மேற்கோள் சாதாரணம், புதுக் கட்டுரையை உடனே எடுத்தாளுவார்கள். சில வேதியியல் கிளைகளில் ஒரு புது வினையைக் கண்டுபிடித்தால் சில மாதத்தில் நாலு பக்கக் கட்டுரை வந்துவிடும். எலி வளர்த்து, மரபணுவை மாற்றி, அதன் குட்டி பெரிதாகும்வரை காத்திருக்கிற உயிரியல்காரருக்கு ஒரு கட்டுரை வர நாலு வருஷம்கூட ஆகும். வேதியியல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளேயே நானோ பொருள், பேட்டரி என்று வேலை செய்கிறவர்களுக்கு மேற்கோள் மழையாகக் கொட்டும். பொறுமையாக ஒரு தாவரச் சேர்மத்தை முப்பது படிகளில் தொகுக்கிறவருக்குத் தூறல்தான். ஹிர்ஷ் தன் முதல் கட்டுரையிலேயே இதைப் பார்த்துவிட்டார். இயற்பியலில் அவர் பட்டியலில் முதலில் நின்றவர் எட்வர்ட் விட்டன், எண் 110. உயிர் அறிவியலில் முதலில் நின்ற சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டனைவிட ஸ்னைடர் பெரிய மூளை என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. தெருக்கள் வேறு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு துறைகளின் எல்லையில் மேற்கோள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் என் எம்.எஸ்சி. லேபிலேயே இருந்தது. புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற லௌரி முறை. வரிசையாக டெஸ்ட் டியூப், ஒவ்வொன்றிலும் அளந்து விட்ட ஆல்புமின் என்ற புரதம், அதில் காரத்தில் கலந்த செம்புக் கரைசல். பத்து நிமிஷம் கழித்து நிறம் வரவைக்கிற ஃபோலின் ரீஏஜென்ட். விட்ட உடனே ஆட்ட வேண்டும், ஒரு நொடி அசந்தாலும் அளவு கெடும். அந்த பாட்டில் மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சை தட்டியிருந்தால் தொடாதே என்பார் எங்கள் லேப் அசிஸ்டென்ட். அரை மணி நேரத்தில் டியூபுகள் வரிசையாக வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலம் வரை மாறி நிற்கும். இந்த முறையை ஆலிவர் லௌரியும் மூவரும் 1951-இல் எழுதினார்கள். 2014-இல் நேச்சர் இதழ் அதுவரை உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது முதலிடம் இதற்குத்தான், 3 லட்சத்துக்கு மேல். இரண்டாவது லேம்லி 1970-இல் எழுதியது, ஜெல்லில் புரதத்தைப் பிரிக்கிற முறையோடு வந்தது. மூன்றாவது பிராட்ஃபோர்டு 1976, மறுபடியும் புரதம் அளப்பது. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் சொன்ன கட்டுரை அந்த நூற்றில் இல்லவே இல்லை. தன்னுடையது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே ஒப்புக்கொண்டவர். வேதியியலில் கருவி செய்து உயிரியல்காரர்கள் கையில் கொடுத்தால் மேற்கோள் குவியும். கருவி செய்தவர் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த நீல நிறம் இல்லாமல் எத்தனை லேப் நின்றுபோயிருக்கும்! மேற்கோள் எண்ணுவது பயன்பாட்டை, அந்த ஒன்றைத்தான் மனசில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உங்கள் பேராசிரியரின் முதல் ஐந்து கட்டுரைகளைப் பாருங்கள். சாயம், சென்சார், அளவீட்டு முறை என்று இருந்தால் இந்த வகை. கண்டுபிடிப்பாக இருந்தால் வேறு வகை. இரண்டுக்கும் இடம் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜி.என். ராமச்சந்திரன். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைந்தார். பிறகு இங்கே டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். (இந்திய அறிவியல் கழகம்தான் அது. ஐ.ஐ.எஸ்சி. என்று சொன்னால் இன்றும் சில ஆட்டோக்காரர்கள் விழிப்பார்கள், டாடா இன்ஸ்டிட்யூட் என்றால்தான் வண்டி கிளம்பும்.) இன்று உலகத்தில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்து பொதுக் களஞ்சியத்தில் போட்டாலும் அந்த 'ராமச்சந்திரன் பிளாட்'டில் பாஸ் ஆகிறதா என்று சோதிப்பார்கள். அப்படிச் சோதிக்கிற ஒவ்வொருவரும் 1963 கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்களா? இல்லை. பெயரைச் சொன்னால் போதும், அடிக்குறிப்பு எதற்கு? சர்க்கரையைக் கண்டுபிடித்தவனைச் சொல்லிவிட்டா காபி குடிக்கிறோம். ரொம்பப் பெரிய வேலை பாடப்புத்தகத்துக்குள் கரைந்து, எண்ணுகிறவன் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். இன்னொரு கொடுமை, மேற்குத் தொடர்ச்சி மலையில் புதுத் தவளையையோ செடியையோ கண்டுபிடித்து விவரிக்கிறவர்களுடையது. அந்த உயிரினத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அவர்கள் பெயர் காலத்துக்கும் நிற்கும், ஆனால் அது மேற்கோளாகக் கணக்கில் ஏறுவது அபூர்வம்.

மேற்கோள் என்றால் பாராட்டு என்ற நினைப்பும் வேண்டாம். 2010 டிசம்பரில் சயின்ஸ் இதழில் ஒரு பரபரப்பு. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா ஒன்று பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து வளர்கிறது என்றார்கள். உயிரியல், வேதியியல் இரண்டையும் ஒரே அடியில் ஆட்டிய கட்டுரை. நூற்றுக்கணக்கில் மேற்கோள். அதில் கணிசமானவை "இது சரியில்லை" என்று சொல்ல வந்தவை. 2012-இலேயே மறுப்புக் கட்டுரைகள் வந்துவிட்டன. 2025 ஜூலையில் சயின்ஸ் அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை. எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்றுதான், கும்பிடும் ஒன்றுதான். ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதில் வந்த ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற எண்ணைப் பற்றி ஒரே ஒரு கதை போதும். படிகவியலில் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற மரியாதையான ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் 2 சொச்சம். 2008-இல் படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளின் வரலாற்றைப் பற்றி அதில் ஷெல்ட்ரிக் ஒரு கட்டுரை எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் வேதியியல்காரர்கள் எல்லாம் அதையே குறிப்பிட, 2009-இல் ஜர்னலின் எண் 49-ஐத் தாண்டிவிட்டது. அதே வருஷம் அதில் எழுதிய மற்றவர்கள் ஒரே இரவில் மேதைகள் ஆகிவிடவில்லை.

சரி, இரண்டு துறையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்கோபஸில் 'ஃபீல்டு வெயிட்டட்' என்று ஒரு எண் வரும். அதே துறை, அதே வருஷம், அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரை எத்தனை என்று சொல்லும். 1.6 என்றால் சராசரியைவிட 60 சதவீதம் அதிகம். என்னைக் கேட்டால் எச்-இன்டெக்ஸைவிட இது நேர்மையானது. ஆனால் இதிலும் துறை என்பது கட்டுரைக்கு ஒட்டுகிற லேபிள் இல்லை, ஜர்னலுக்கு ஒட்டுகிற லேபிள். உங்கள் பேராசிரியரைப் போல எல்லையில் நிற்பவர் ஒரே வேலையை உயிர்வேதியியல் ஜர்னலில் போட்டால் ஒரு மதிப்பெண், வேதியியல் ஜர்னலில் போட்டால் இன்னொன்று. இருபது முப்பது கட்டுரைகளே இருந்தால் ஒரே ஒரு ஹிட் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும். துல்லியமாக இவர் எத்தனாவது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எல்லையில் நிற்பதே குறை என்றும் நினைக்காதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, மறுபடி மாணவராக உயிரியல் படிக்கப் போய், செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து, 2009-இல் வாங்கிய நோபல் வேதியியலுக்கு. 2020-இல் மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறைக்கும், 2024-இல் புரத வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டுக்கும் கொடுத்ததும் வேதியியல் பரிசுதான். ஒரு துறை எங்கே முடிகிறது என்று நோபல் கமிட்டியே பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்து யாராவது கேட்பார்கள். "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி" என்று கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்களே, அது. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் இயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை எடுத்து, ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டு, 174 உட்துறைகளாகப் பிரித்து வெளியிடுகிற எக்செல் ஷீட் அது. உபயோகமான ஷீட். தன்னையே தான் மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தும் காட்டுவார்கள், அதற்காகவே திறந்து பார்க்கலாம். ஆனால் ஸ்டான்ஃபோர்டு யாரையும் கூப்பிட்டு விருது கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஒரு வருஷத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு உண்டு, ஃபிளெக்ஸில் எது என்று போடமாட்டார்கள். சுய மேற்கோள் இருந்தாலே திருட்டு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பிரச்னையைப் பத்து வருஷம் தொடர்கிற லேப் தன் பழைய வேலையைச் சொல்லாமல் புதியதை எழுத முடியாது. பத்து மேற்கோளில் இரண்டு மூன்று சொந்தமாக இருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது, ஆறு ஏழு என்றால் நிமிர்ந்து உட்காருவேன். இந்த இடத்தில் கோடு கிழிப்பது என் அனுபவம்தான், விதி ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் பேராசிரியர். இரண்டு துறையில் கால் வைத்து, ஸ்கோபஸில் 29 வைத்திருக்கிறவர் சோம்பேறி இல்லை, பட்டியல் அவருடையதுதான் என்றால் இதைச் சொல்லலாம். அவர் வேலையை உலகத்தில் நாலு பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். 68 வைத்திருப்பவரைவிட இவர் மட்டமா என்றால், அந்த இரண்டு எண்களை வைத்து அதைச் சொல்லவே முடியாது, சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி. மகளுக்கு நல்ல கைடா என்பதற்கு நான் பார்க்கிற இடம் வேறு. அதே கூகுள் ஸ்காலர் பக்கத்தில் மேற்கோள் வரிசையை மாற்றி, வருஷ வரிசையில் வையுங்கள். கடைசி ஏழெட்டு வருஷக் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். இந்த இரண்டு துறைகளிலும் பொதுவாக வேலை செய்த மாணவர் முதலில் வருவார், கைடு கடைசியில் வருவார். ஒரு நோட்டில் அந்த முதல் பெயர்களை மட்டும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு பெயர்கள் வருகின்றனவா, இல்லை பிஎச்.டி. முடித்துவிட்டு வந்து வேலை செய்கிற ஒரு போஸ்ட்டாக்கின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறதா? லேபின் வெப்சைட்டில் 'முன்னாள் மாணவர்கள்' பட்டியலை எடுத்து அந்த நோட்டோடு ஒப்பிடுங்கள். பிஎச்.டி. முடித்தும் ஒரு கட்டுரையில்கூட முதல் பெயராக வராதவர்கள் எத்தனை பேர், பாதியில் போனவர்கள் எத்தனை பேர்? சேர்ந்த வருஷத்துக்கும் முடித்த வருஷத்துக்கும் நடுவில் ஐந்தா, ஏழரையா? தீசிஸ் கொடுக்கக் கட்டுரை கட்டாயம் என்ற பொது விதியை யு.ஜி.சி. 2022-இல் எடுத்துவிட்டது, ஆனால் நிறுவனங்கள் சொந்தமாக விதி வைத்துக்கொள்ளலாம். மகள் சேரும் இடத்தில் எப்படி என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த நோட்டில் இருக்கிற பெயர்களில் இரண்டு மூன்று பேருக்கு மகளே மெயில் போடட்டும், அப்பா போட வேண்டாம், ப்ளீஸ். இப்போது லேபில் இருப்பவர்களைவிட விட்டுப் போனவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். "சார் நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். "உங்க ஃபர்ஸ்ட் டிராஃப்ட்டை அவர் எத்தனை நாள்ல திருப்பிக் கொடுத்தார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் பதில் வந்தால் ஒன்று, "எட்டு மாசம் டேபிள்லயே கிடந்தது" என்று வந்தால் வேறொன்று. எங்கள் கேன்டீனில் பை-டூ காபியோடு நான் கேட்ட பிஎச்.டி. அழுகைகளில் பாதி இந்த ஒரு விஷயம்தான், ஒருவர்கூட கைடின் எச்-இன்டெக்ஸ் போதவில்லை என்று அழுததில்லை. இரண்டு துறைக்காரர் என்பதால் இன்னொரு கேள்வியும் உண்டு. மகள் வேதியியல் படித்துவிட்டு வருகிறாள் என்றால், செல் வளர்ப்பதையும் எலி வேலையையும் லேபிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா, அல்லது வேறொரு லேபின் தயவில் காத்திருக்க வேண்டுமா? அப்படிக் காத்திருந்தால் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு?

ஒன்று பாக்கி இருக்கிறது, இது எந்த லேபில் சேர்ந்தாலும் பொருந்தும். முதல் கட்டுரை போவதற்கு முன் மகள் தன் பெயரை எப்படி எழுதப்போகிறாள் என்று முடிவு செய்யட்டும். இனிஷியலை விரிப்பதா, ஒரே பெயராக வைப்பதா, பாஸ்போர்ட்டில் இருப்பது போலவா, ஏதோ ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு மாற்றக் கூடாது, கல்யாணம் ஆனாலும். ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, பத்து நிமிஷ வேலை. இன்றைக்கு ராத்திரியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் யாரும் ஸ்கோபஸில் பக்கம் திறக்காமல் இருக்கவாவது அது உதவும்.